பின்சீட்டுப் பேச்சு

என் மனைவியின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவந்தது, கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து, போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காளேவாடி சிக்னலில். தூக்கிவாரிப் போட்டதில் கை தன்னால் ஸ்கூட்டர் சாவியைத் திருகி வண்டியை அணைத்துவிட்டது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் நின்ற டெம்போக்காரன் மராத்தியில் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். கண்ணாடியில் அவன் வாயசைவைப் பார்த்தே அது எனக்குப் புரிந்தது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் எனக்கு எட்டு வருடப் பழக்கம்.

காது போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பிம்ப்ரியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இடம். ஒவ்வொரு அடிக்கும் தரையே ஒரு குதி குதிக்கும். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் பிளக் கொடுத்தார்கள். நூலில் கோத்த அந்தப் பிளக்கை நாங்கள் எல்லோரும் மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தோம். சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் காதுக்குப் போகும், அவர் முதுகைக் காட்டினால் கழுத்துக்கு வந்துவிடும். அப்படி ஏமாற்றியதில் ஒரு குஷி. யாரை ஏமாற்றினோம் என்பது நாற்பத்தைந்து வயதில் டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டியபோது தெரிந்தது. கோடு பாதியில் கிணற்றில் விழுந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்ததாம், எனக்குத்தான் தெரியவில்லை.

அப்போது வாங்கிய பழைய காது மெஷினைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எல்லாவற்றையும் பெரிதாக்கும். மனிதர் பேச்சையும் பெரிதாக்கும், மிக்சியையும் பெரிதாக்கும், பக்கத்து மேசையில் ஸ்பூன் விழுவதையும் பெரிதாக்கும். அமைதியான அறையில் ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசினால் பரவாயில்லை. கான்டீனில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் போச்சு. ஒரு வாக்கியத்தில் பாதிதான் எனக்கு வந்து சேரும், மீதியை நானே போட்டு நிரப்ப வேண்டும். வாயைப் பார்க்க வேண்டும், முன்னால் என்ன பேச்சு ஓடியது என்று யோசிக்க வேண்டும், இந்த ஆள் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று ஊகிக்க வேண்டும். அதற்குள் அவன் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பான். எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்கு என்று தெரியாது.

இப்படி எட்டு மணி நேரம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும், பிடரி வலிக்கும், நெற்றிக்குள் யாரோ ஆணி அடித்த மாதிரி இருக்கும். மூட்டை தூக்கியவனுக்குக்கூட இவ்வளவு அலுப்பு இருக்காது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போடுவேன். அப்பாடா என்று இருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் யார் என்ன சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான். மகன் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறான், எங்களோடுதான் இருக்கிறான். அவன் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பான், மூன்றாவது தரம் "சோடோ", விட்டுத்தள்ளுங்க என்று கையை உதறிவிட்டுப் போவான். பிறகு அதையும் விட்டுவிட்டான். பக்கத்து அறையில் இருந்துகொண்டே எனக்கு மெசேஜ் அனுப்புவான்.

மனைவி மட்டும் விடவில்லை. கத்தினாள். சாப்பிட வாங்க என்பது முதல் சொந்தக்காரர் சாவு வரைக்கும் எல்லாவற்றையும் கத்தித்தான் சொன்னாள். போனில் யார் பேசினாலும் அவள் கேட்டு எனக்குக் கத்துவாள். பேங்கில், டாக்டரிடம், ஃபிளாட் சொசைட்டி மீட்டிங்கில், எல்லா இடத்திலும் பக்கத்தில் நின்று என் காதருகே கத்துவாள். வாகடில் ஒரு நர்சரி பள்ளியில் அவள் டீச்சர். கரகரவென்று தேய்ந்த குரல். பிள்ளைகளை மேய்த்து மேய்த்து அப்படி ஆகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிறுத்தவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க வீட்டுல தனியா லவுட் ஸ்பீக்கர் வேணாம், பாத்தீங்களா?" என்பேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஸ்கூட்டரில் போகும்போது மட்டும் அவள் கத்த மாட்டாள். ஏனென்றால் ஹெல்மெட் போட்டால் பழைய மெஷின் கீச்சென்று விசில் அடிக்கும், அதனால் வண்டி எடுக்கும் முன் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியில் போட்டு மூடிவிடுவேன். அப்புறம் எனக்கு வண்டியின் அதிர்வு மட்டும்தான். காது இல்லாதவன் கண்ணாடியைத்தான் நம்பி ஓட்ட வேண்டும், ஆகவே அடிக்கடி இடது கண்ணாடியைப் பார்ப்பேன். புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தில் கொஞ்சம் அதில் தெரியும். உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் இறங்கியதும் கேட்டேன், வழியெல்லாம் என்ன முணுமுணுக்கிறாய் என்று. "ஸ்லோகம்!" என்று கத்தினாள். நல்லது, ரோடு இருக்கிற லட்சணத்துக்கு ஸ்லோகம் தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புது மெஷின் இந்த வருடம்தான் வந்தது. காதைப் பரிசோதித்த மராத்திப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும், நான் தாடை வலியைச் சொன்னதும் சிரித்தாள். "கான் நஹீ தக்தே அங்கிள், திமாக் தக்தா ஹை" என்றாள். களைத்துப் போவது காது இல்லை, மூளைதான் என்று. பாதி கேட்டு மீதியை நிரப்புகிற வேலையை மூளை நாளெல்லாம் செய்கிறது, இந்தப் புது மெஷின் அந்தச் சுமையில் கொஞ்சத்தைத் தான் எடுத்துக்கொள்ளும், எதிரில் இருப்பவர் பேச்சை முன்னால் தள்ளி இரைச்சலைப் பின்னால் தள்ளும் என்றாள். பிறகு தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு மைக்கைக் கையில் கொடுத்தாள். பேசுகிறவர் அதைத் தோளில் குத்திக்கொண்டால் போதும், எவ்வளவு சத்தத்திலும் அவர் பேச்சு நேராக என் காதுக்குள் வந்துவிடும். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது, வெளியே போனாள். அவள் வெளியே இருந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்தப் பெண் சொன்னாள், இந்த மெஷினை ஹெல்மெட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம், விசில் அடிக்காது என்று. அதை மனைவியிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மறைக்கவில்லை, மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பிம்ப்ரியில் பழைய சகா ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். சின்ன ஹால், இருநூறு பேர், நாதஸ்வரம், மேலே ஸ்பீக்கர், கீழே பிள்ளைகள். இந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டும் என்றாலே எனக்கு முந்தின நாளே ஜுரம் வந்துவிடும். அன்று மனைவி மைக்கைப் புடவை முந்தானைப் பின்னோடு சேர்த்துத் தோளில் குத்திக்கொண்டு வந்தாள். நான் நம்பவில்லை. ஆனால் பந்தியில் எதிரில் உட்கார்ந்தவர் சாம்பாரில் உப்பு இல்லை என்றார், எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் அவர் மருமகனைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார், எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரிந்தே சிரித்தேன். மெஷின் வந்த பிறகும் பழக்கத்தில் கத்திக்கொண்டிருந்த அவளுக்கு அன்று வாய் திறக்கவே வேலை இல்லை. தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில் வழக்கமான ஜோக்கையும் எடுத்துவிட்டேன், இனிமேல் எங்கள் வீட்டு லவுட் ஸ்பீக்கருக்கு ரிட்டயர்மென்ட் என்று. பந்தியே சிரித்தது. அவள் தலையைக் குனிந்து இலையை மூடினாள்.

கிளம்பும்போது தாடை வலிக்கவில்லை, பிடரியும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் மெஷினைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டிருப்பேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் காதில் மெஷின் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. அப்படியே ஹெல்மெட்டை மாட்டினேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளில் குத்திய மைக்கை அவளும் மறந்துவிட்டாள்.

வண்டி தெருவைத் தாண்டியதும் என் காதுக்குள் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள்.

மெஷினுக்கும் என் போனுக்கும் தொடர்பு உண்டு, அதனால் ஏதோ தவறான கால் வந்து தானாக எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். காற்றுச் சத்தம் கூடவே சரசரத்தது. அதற்கு நடுவில் மெதுவான, கொஞ்சம் ஈரமான, அவசரமே இல்லாத ஒரு குரல். தமிழ். எங்கள் வேலூர்ப் பக்கத்துத் தமிழ்.

"ஜாங்கிரி ரெண்டு எடுத்தியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? சக்கரை ஏறட்டும், அப்புறம் இருக்குது உனக்கு."

யாரடா இது என்று நினைத்தேன். ஜாங்கிரியைப் பார்த்தவள் எந்தப் பெண்?

"ஆனா இன்னிக்கு நல்லாதான் இருந்த. எவ்ளோ நாளாச்சு உன்ன இப்டி பாத்து. எப்பவும் எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் சிரிப்ப. இன்னிக்குக் கூடவே சிரிச்ச."

சிக்னலில் நின்றேன். கண்ணாடியைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த அசைவும் காதுக்குள் வரும் சொல்லும் ஒன்றாக இருந்தன. வண்டியை அணைத்தது அப்போதுதான்.

நேரில் என்னை நீங்க, வாங்க என்பவள் என் முதுகிடம் நீ என்கிறாள். நான் பொய்ச் சிரிப்பு சிரித்த அத்தனை வருடமும் அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் என்னை அடித்துப் போட்டது இதெல்லாம் இல்லை, அந்தக் குரல்தான். என் மனைவியின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் ஊரைக் கூட்டிக் கேலி செய்தது வேறு ஏதோ ஒரு குரலை, எனக்காக அவள் தொண்டையில் கட்டி இழுத்துக்கொண்டிருந்த ஒரு குரலை.

"அந்த லவுட் ஸ்பீக்கர மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றது காது. "டாக்டரம்மா கிட்ட போனது உனக்கு எங்க தெரியும்? தொண்டையில ரெண்டு காய்ப்பாம். மம்முட்டி புடிச்ச கை காய்ச்சிப் போவுதில்ல, அந்த மாதிரி, கத்திக் கத்திக் காய்ச்சிப் போயிருக்குதாம். ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாதாம். அப்பவும் போவலன்னா ஆபரேஷனாம். இப்டியே உட்டா கொரலே போயிடுமாம். ஸ்கூல்ல ரொம்ப கத்துவீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். கொழந்தைங்க கிட்ட எவ கத்துவா? மெதுவா பேசனாதான் அதுங்க திரும்பியே பாக்கும். வீட்டுலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நாலு மாசமாச்சு அவங்க சொல்லி. நான் ஒரு மாசம் பேசலன்னா உன்கிட்ட யாரு பேசுவா, சொல்லு? புள்ள மெசேஜோட சரி. முடியற வரைக்கும் கத்தறேன். போனா போவுது."

டெம்போக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, என் தோளில் ஓங்கித் தட்டி, ஹெல்மெட்டுக்கு அருகே வாயைக் கொண்டுவந்து, "பச்சை! பச்சை விழுந்திருச்சுங்க!" என்று கத்தினாள். அதுவும் மைக்கில் நேராக வந்தது. அந்தக் கத்தலில் குரல் நடுவில் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. எட்டு வருடமாக அந்தப் பிளவு எனக்குக் கேட்டதில்லை. சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தேன்.

அங்கேயே ஓரம் கட்டி, கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கேட்க வேண்டும் என்று இருந்தது. வாகட் வரைக்கும் ஒரு திருடனைப் போலக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். அவள் பேசிய மீதியை இங்கே எழுத மாட்டேன். அதில் அவள் அம்மா இருந்தாள், பிறக்காமல் போன ஒரு குழந்தை இருந்தது, என் மேல் உள்ள கோபம் நிறைய இருந்தது, நான் தூங்கும்போது எப்படி இருப்பேன் என்பதுகூட இருந்தது. என் முதுகுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் லிஃப்ட் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "லிஃப்ட் வேலை செய்யல போலிருக்குங்க!" என்று கத்தினாள்.

"கத்தாத" என்றேன். "கேக்குது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. என் காதைப் பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாகத் தோளுக்குப் போனது. மைக்கில் பச்சை விளக்கு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது.

"எப்பலேருந்து?" என்றாள், அந்தக் குரலில்.

"ஜாங்கிரியிலேருந்து."

அழுவாள் என்று நினைத்தேன். அல்லது, அப்பாடா இனிமேல் மறைக்க வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை வழியெல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டுதான் வந்திருந்தேன். அவள் மைக்கைப் பின்னோடு பிடுங்கி எடுத்தாள். முந்தானையில் நூல் இழுத்துக்கொண்டது.

"அங்க மட்டும்தாங்க நான் பேசிக்கிட்டிருந்தேன்" என்றாள். "அங்கயும் வந்து உக்காந்துக்கிட்டீங்களா?"

மைக்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் படியேறினாள். நாலு மாடி. நான் பின்னாலேயே ஏறினேன். காது கிடைத்த சந்தோஷத்தில் நான் அவள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டேன் என்பது மூன்றாவது மாடி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் டாக்டரிடம் இரண்டு பேரும் போனோம். "ஸ்கூலில் இல்லை, வீட்டில்தான் கத்துகிறாள், என்னால்தான்" என்று நான் சொன்னேன். எட்டு வருடத்தில் அவளுக்குப் பதிலாக நான் பேசிய முதல் இடம் அதுதான். ஒரு மாதம் லீவு, ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. அந்த ஒரு மாதத்தைப் போல எனக்கு வேறு எதுவும் சித்திரவதையாக இருந்ததில்லை. அடுப்பில் கடுகு வெடிப்பது கேட்டது. எதிர் ஃபிளாட்டில் டிவி கேட்டது. கீழே காய்கறி விற்கும் பாஜிக்காரன் கூவுவது நாலாவது மாடிக்குக் கேட்டது. இவள் குரல் மட்டும் இல்லை. பள்ளியிலிருந்து கொண்டுவந்த சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். பால், கேஸ், மாத்திரை. எனக்கு வேண்டியது அந்தச் சொற்கள் இல்லை. மைக்கை மகனின் டீ-ஷர்ட்டில் குத்திவிட்டேன். முதல் நாள் சலித்துக்கொண்டான். பத்தாம் நாள் அவன் ஆபீஸ் கதையைப் பாதி இந்தியும் பாதி தடுமாறுகிற தமிழுமாகச் சொன்னான், நான் ஒரு தடவைகூட "என்ன" என்று கேட்காமல் முழுக்கக் கேட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதம் முடிந்து டாக்டர் பார்த்தார். ஒரு காய்ப்பு கரைந்துவிட்டது, இன்னொன்று சிறுத்திருக்கிறது, இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், ஆனால் இனி ஆயுசுக்கும் கத்தக்கூடாது என்றார். அன்று சாயங்காலம் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மைக்கைத் தானே எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள். "ஆறிடப் போவுது, குடிங்க" என்றாள். சமையலறையிலிருந்து பேசினாள், பால்கனியிலிருந்து பேசினாள், எல்லாம் அந்த மெதுவான குரலில். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கும் போடுகிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு பிம்ப்ரியில் துணி எடுக்கக் கிளம்பினோம். பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது அவள் உள்ளங்கையை நீட்டினாள். சாவி கேட்கிறாள் என்று சாவியைக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள். என் காதைக் காட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இருபத்தாறு வருடம் கழித்துக் கிடைத்ததை இவ்வளவு சுலபமாகத் திருப்பிக் கேட்கிறாளே என்று கோபம்கூட வந்தது. பிறகு வலதைக் கழற்றினேன், இடதைக் கழற்றினேன். இரண்டையும் வாங்கிப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியைத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். உலகம் பழையபடி அமுங்கிப்போனது. அவள் ஏறி உட்கார்ந்து என் தோளில் கையை வைத்தாள்.

காளேவாடி சிக்னலில் சிவப்பு. இடது கண்ணாடியில் அவள் உதடு அசைய ஆரம்பித்திருந்தது. இப்போது எனக்கு அந்தக் குரல் தெரியும், எந்த அசைவுக்கு எந்தச் சொல் என்று தெரியும், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பாதியாவது பிடித்துவிடுவேன். ஒரு சொல்லாவது வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

கையை நீட்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் வெளியே திருப்பினேன். அவள் முகம் போய் ரோடு மட்டும் தெரிந்தது.